பந்தயத்துக்கு ஒரு தரை வேண்டும்

2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தென்னிந்தியாவின் இரண்டு மாநில அரசுகள் இரண்டு பந்தயங்களுக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பொன்முடியில், மெர்ச்சிஸ்டன் தேயிலைத் தோட்டத்துக்குள் பாதை அமைத்து, அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பைக் கேரளம் நடத்தி முடித்தது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள மூன்றரை கிலோமீட்டர் சாலையைத் தடமாக்கி, டிசம்பர் 9, 10 தேதிகளில் ஃபார்முலா 4 கார்களை இரவு விளக்கொளியில் ஓடவிடத் தமிழ்நாடு திட்டமிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையை மூழ்கடித்ததால் கார் பந்தயம் தள்ளிப்போய், வழக்கு, விசாரணை எல்லாம் கடந்து 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. இரண்டில் எதைப் பற்றி நாம் அதிகம் பேசினோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொன்முடிப் பந்தயம் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் வந்து போனது. ஆனால் தென்னிந்தியாவில் வண்டிப் பந்தயம் ஒரு விளையாட்டாக வளர வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், பாடம் எடுக்க வேண்டியது பொன்முடியிடமிருந்துதான் என்பது என் வாதம். அரசுப் பணமும் அரசு முயற்சியும் நகரத்துத் தெருக்களை இரண்டு நாள் மூடுவதில் போகக் கூடாது. ஆண்டு முழுவதும் ஓடிப் பழக ஒரு தரையை உண்டாக்குவதில் போக வேண்டும்.

சென்னைப் பந்தயத்தைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நேப்பியர் பாலத்தின் பக்கம் விளக்குகள் எரிய, அண்ணா சாலையின் ஒரு துண்டில் பந்தயக் கார்கள் சீறிப் போனதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்க முடியாத இரவு. டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் அதற்கு முன் ஒரு பந்தயக் காரை நேரில் பார்த்திராதவர்களாகவே இருந்திருப்பார்கள். தொலைக்காட்சியில் நகரம் அழகாக இருந்தது. நகரங்களின் பெயரில் அணிகள் ஓடும் தொடர் அது. கொச்சியின் பெயரிலும் ஓர் அணி உண்டு. இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கேரளத்தின் துறைமுக நகரத்துக்குப் பந்தய அணி இருக்கிறது; ஆனால் அந்த அணியின் கார் ஒரே ஒரு நாள் பயிற்சிக்கு ஓடக்கூட கேரளத்தில் முறையான தடம் கிடையாது. அணிகளின் பெயர்ப் பட்டியல் நீள்கிறது, தொடருக்கு முதலீடு செய்ய நடிகர்களும் கிரிக்கெட் நட்சத்திரங்களும் வருகிறார்கள், ஓடிப் பழகும் இடம் மட்டும் கூடவில்லை. தெருப் பந்தயத்தின் சிக்கல் இதில்தான் தொடங்குகிறது. இரண்டு நாளுக்குப் பிறகு தடுப்புகளைக் கழற்றி லாரியில் ஏற்றியதும் அங்கே மீண்டும் பேருந்துதான் ஓடும். அடுத்த சனிக்கிழமை ஒரு பதினைந்து வயதுப் பையன் போய் ஓட்டிப் பார்க்க எதுவும் மிச்சமிருக்காது.

தெருவைத் தடமாக்குவதே சாதாரண வேலையில்லை. பந்தயத் தடம் என்றால் நுழையும் வழி தெரியும், வெளியேறும் வழி தெரியும். தெரு அப்படியல்ல, அதற்கு ஆயிரம் வாசல்கள். 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் ஃபார்முலா இ மின்சாரக் கார் பந்தயம் நடந்தபோது, பயிற்சி நாளன்று தடத்துக்குள் பொதுமக்களின் கார்கள் நுழைந்துவிட்டன. சென்னையில் ஒரு நாய் உள்ளே ஓடிவந்து பயிற்சியை நிறுத்த வைத்தது. அது வேடிக்கையாக முடிந்தது நல்ல நேரம். முந்தைய மழையால் தடத்துக்கான சர்வதேசச் சான்றிதழ் தாமதமாகி, பந்தய நாளன்றே உயர் நீதிமன்றத்திடம் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டியிருந்தது. இதெல்லாம் நம் ஊர்க் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். 2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஃபார்முலா 1 முதல் பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களில், சாலையில் பதித்திருந்த ஓர் இரும்பு மூடி பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியின் அடிப்பாகத்தைக் கிழித்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பாகுவில் ஜார்ஜ் ரஸ்ஸலின் காருக்கும் இதே கதிதான். பணம் கொழிக்கும் ஃபார்முலா 1 அமைப்புக்கே சாலையில் பதித்திருக்கும் இரும்பு மூடி அடங்கவில்லை. எல்லாவற்றையும்விடக் கசப்பான உதாரணம் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் 2019 செப்டம்பரில் நடந்தது. தேசிய ராலி ஒன்றுக்காக மூடியிருந்த சாலைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட, பந்தயக் கார் மோதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள். யார் தவறு என்ற விவாதம் ஒரு புறம் இருக்கட்டும். வழக்கமாகப் போய்வரும் பாதையில் இன்று போகக் கூடாது என்பதை ஒரு ஊர் முழுவதற்கும் தெரிவித்து, கடைசி ஆள்வரை நிறுத்திவைப்பது நம் நாட்டில் எவ்வளவு கடினம் என்பதுதான் அந்த விபத்து காட்டியது.

பணக் கணக்கும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறது. சென்னைப் பந்தயத்தைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்தின. அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயை அந்த நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஓராண்டுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. சட்டப்படி விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் அரசின் கொள்கை முடிவுக்குள் போகவில்லை என்பதால் அந்த முடிவு சரியானது என்று ஆகிவிடாது. அது சரியா என்று கேட்க வேண்டியது பத்திரிகைகளும் வாக்காளர்களும்தான். உடனே சிங்கப்பூரைக் காட்டுவார்கள். 2008 முதல் அங்கே நடக்கும் இரவுப் பந்தயத்தால் சுற்றுலா வருமானம் பெருகியது உண்மை. ஆனால் அங்கே பந்தய நாட்களில் தடத்தை ஒட்டியிருக்கும் ஹோட்டல்களின் அறை வருமானத்தில் 30 சதவீதமும் மற்ற ஹோட்டல்களில் 20 சதவீதமும் தனி வரியாக வசூலித்தார்கள். லாபம் யாருக்கோ அவரிடமே கை நீட்டினார்கள். சென்னையில் அப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சிங்கப்பூரைச் சொல்கிறவர்கள் ஹனோயைச் சொல்வதில்லை. வியட்நாம் தலைநகரில் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் தடம் போட்டு, பார்வையாளர் மாடம் கட்டி, 2020 ஏப்ரலுக்குத் தேதியும் குறித்தார்கள். கொரோனா வந்தது, பிறகு நகர நிர்வாகமே மாறியது, அங்கே ஒரு பந்தயம்கூட நடக்காமலே போனது. ஸ்பெயினின் வலென்சியா ஐந்து ஆண்டுகள் நடத்திவிட்டுத் துறைமுகத் தெருக்களில் துருப்பிடிக்கும் வேலிகளோடு நின்றது. ஹைதராபாத்தில் முதல் பந்தயம் நடந்த அதே ஆண்டின் இறுதியில் ஆட்சி மாற, 2024 பந்தயம் ரத்தானது. பணம் கொடுத்த விதம் குறித்து ஊழல் தடுப்புப் பிரிவு வழக்கும் போட்டது. தெருப் பந்தயத்தின் ஆயுள் பெரும்பாலும் அதை விரும்பிய அமைச்சரின் பதவிக்காலம்தான். சென்னையிலும் 2025இல் அந்தத் தொடர் தீவுத்திடலுக்குத் திரும்பவில்லை, இருங்காட்டுக்கோட்டையில்தான் நடந்தது.

இருங்காட்டுக்கோட்டை என்ற பெயர் வந்துவிட்டதால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் எல்லோரும் மறந்துபோகும் கதை அது. தமிழ்நாட்டில் கார் பந்தயம் தெருவில் பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. கான்கிரீட் பாளத்தின் இணைப்புகளில் கார்கள் தடதடத்துப் போகும். எல்லைக் கோடுகளாக வைக்கோல் பொதிகளும் டயர்களும். அழகான இடமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது அங்கேயே இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது, அடுத்த ஆண்டும் இருந்தது. அதனால்தான் சென்னையின் பட்டறைகளில் இஞ்சினைப் பிரித்துக் கோக்கும் மெக்கானிக்குகள் உருவானார்கள், டயர் கம்பெனிகளும் மோட்டார் சைக்கிள் கம்பெனிகளும் சொந்தமாகப் பந்தயப் பிரிவு வைத்தன, கோவையின் கரிவரதன் மாருதி இஞ்சின் போட்ட குறைந்த விலைப் பந்தயக் கார்களை வடிவமைக்க முடிந்தது. ஓடுதளம் போதாமல் போனபோது கிளப்பே நிலம் தேடி 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடத்தைத் திறந்தது. கோவையில் கரிவரதன் பெயரிலேயே இன்னொரு தடம் வந்தது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனதற்குப் பின்னால் இந்த அரை நூற்றாண்டு இருக்கிறது. கருண் சந்தோக்கும் அதே சென்னை வட்டத்தில் வளர்ந்தவர். இந்தியாவின் பந்தய ஓட்டுநர்களில் தமிழ்நாட்டின் பங்கு ஏன் இவ்வளவு பெரியது என்று கேட்டால், ரத்தத்தில் ஊறிய வேகம் என்றெல்லாம் பதில் தேட வேண்டியதில்லை. ஓட்டிப் பழக இடம் இருந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தை உண்டாக்கியதில் அரசுக்குப் பெரிய பங்கில்லை என்பதும் குறித்துவைக்க வேண்டிய செய்தி.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. நம் இளைஞர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் புறவழிச் சாலைகளிலும் நள்ளிரவில் பைக் ஓட்டிச் சாகிறார்கள். அவர்களுக்கு முறையான பந்தயத்தைக் காட்டினால் அந்த வெறி அடங்கும் என்கிறார்கள். கவலை நியாயமானது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. அதில் பத்தில் ஏழு உயிர்களுக்கு அதிவேகம்தான் காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, இறந்தவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஆனால் மருந்து நோய்க்குப் பொருந்த வேண்டுமே. ஆண்டுக்கு இரண்டு நாள் டிக்கெட் எடுத்து வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பதால் ஒருவனுடைய கைப்பழக்கம் மாறாது. மாறக்கூடியது, அவனே கட்டணம் கட்டி, ஹெல்மெட்டும் தோலுடையும் அணிந்து, பயிற்சியாளர் பார்க்க, எதிரே லாரி வராத தடத்தில் ஓட்டிப் பார்க்கும்போதுதான். தான் நினைத்த அளவுக்குத் தனக்கு ஓட்டத் தெரியாது என்பது மூன்றாவது வளைவிலேயே அவனுக்குப் புரியும். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் சொந்த வண்டியில் தடத்தில் ஓட்டும் நாட்கள் நடக்கின்றன. திருவனந்தபுரத்துப் பையனுக்கு அதற்காக ஒரு முழு இரவுப் பயணம் வேண்டியிருக்கிறது. அவன் அதற்குப் பதில் நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு போய், அங்கிருந்து ஏறும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் தன் திறமையைச் சோதிப்பது ஆச்சரியமில்லை. நகரச் சாலையையே பந்தயத் தடமாக மாற்றிக் காட்டுவது அவனுக்கு என்ன சொல்லித்தரும் என்பதையும் யோசிக்க வேண்டும். நேற்று அரசாங்கமே இந்தச் சாலையில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தைக் கொண்டாடியது. இன்று அதே சாலையில் காவலர் ஐம்பதுக்கு மேல் போகாதே என்கிறார்.

நிரந்தரத் தடமும் முடங்கலாமே, கிரேட்டர் நொய்டாவில் என்ன ஆனது என்று கேட்பவர்களும் உண்டு. சரியான கேள்வி. 2011 முதல் 2013 வரை மூன்றே மூன்று ஃபார்முலா 1 பந்தயங்கள், மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் வெற்றி, பிறகு வரித் தகராறில் எல்லாம் நின்றது. அங்கிருக்கும் புத் சர்வதேசத் தடம் இன்று பெரும்பாலும் கார் கம்பெனிகளின் விளம்பரப் படப்பிடிப்புக்கும் எப்போதாவது வரும் போட்டிக்கும்தான். ஆனால் அந்தத் தோல்வி நிரந்தரத் தடம் என்ற யோசனையின் தோல்வியா? உலகின் மிக விலையுயர்ந்த பந்தயத்தின் அளவுக்குத் தைத்த சட்டை அது. அந்தப் பந்தயம் போனதும் வேறு யாருக்கும் பொருந்தவில்லை. உள்ளூர் கிளப்பின் தேவைக்கும் சட்டைப்பைக்கும் ஏற்பக் கட்டிய இருங்காட்டுக்கோட்டையோ முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே சிறிதாகத் தொடங்க வேண்டும் என்பதுதான் நொய்டாவின் பாடம். தெருவுக்குப் போ என்று அது சொல்லவில்லை.

பொன்முடி மலைச் சாலையைப் பார்க்கும் பந்தய ரசிகர்களுக்கு இன்னொரு ஆசை வருவதுண்டு. நகரத் தெரு வேண்டாம், இந்த மலைச் சாலையில் ஒவ்வொரு காராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடவிடலாமே. உலகில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் 1916இல் தொடங்கியது. 1955இல் லே மான்ஸில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்குப் பிறகு சுவிட்சர்லாந்து தடப் பந்தயங்களையே தடை செய்தது. ஆனால் கார்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வாய்ப்பில்லாத மலையேற்றப் பந்தயங்களை மட்டும் விட்டுவைத்தது. அந்தத் தர்க்கம் எனக்குப் பிடித்தமானது. இருந்தும் பொன்முடிச் சாலைக்கு இதை ஏற்க முடியாது. ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த மலைக்குப் போக ஒரே சாலைதான். மேலே தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையோடு கீழே இறங்கவும், அரிசி ஏற்றிப் போகவும் அவர்களுக்கு வேறு வழியில்லை. சென்னையில் அண்ணா சாலையை மூடினால் சுற்றிப் போக நாலு தெரு உண்டு. இங்கே சாலையை மூடினால் ஊரையே மூடியதாகும். தவிர, 2022 மழையில் ஒரு வளைவுக்கு அருகே சாலை இடிந்து போக, மலை நீண்ட நாள் மூடிக் கிடந்தது. பக்கத்திலேயே பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம், சுற்றிலும் யுனெஸ்கோ 2016இல் ஏற்ற அகத்தியமலை உயிர்க்கோளம். பந்தயக் காரின் சத்தத்தை அங்கே கொண்டுபோக எந்த நியாயமும் இல்லை. 2023இல் பொன்முடி எடுத்த வழி இதையெல்லாம் அறிந்த வழி: சத்தமில்லாத சைக்கிள், தோட்டத்து நிலம், மண்பாதை. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டில் ஆசியக் கண்டத்தின் சாம்பியன்ஷிப்பையே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் வைத்து நடத்த முடிந்தது.

அதே வழியை இஞ்சின் வண்டிகளுக்கு எப்படி மாற்றுவது என்பதில்தான் கேரளம் யோசிக்க வேண்டும். கேரளத்தின் மிகப் பெரிய பந்தய வீரர் ஃபார்முலா கார் ஓட்டுபவர் அல்லர். ஷொர்ணூரைச் சேர்ந்த ஹாரித் நோவா மண்ணில் பைக் ஓட்டி வளர்ந்தவர். 2024 டக்கார் ராலியில் சவூதி மணலில் ராலி 2 பிரிவை வென்றார். அந்த உயரத்தை எட்டிய முதல் இந்தியர் அவர். சென்னையின் இரண்டு நாள் பந்தயத்துக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். மண் தடத்தின் நன்மை, அது மலிவு; தார் வேண்டாம், மாடம் வேண்டாம், சில ஏக்கர் நிலமும் ஒரு மண்வாரி இயந்திரமும் ஆம்புலன்ஸும் போதும். கேரளத்தில் நிலம் எங்கே என்ற கேள்விக்குத் தோட்டங்களைக் காட்டுவது எளிது, ஆனால் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் விலக்குப் பெற்ற தோட்ட நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவதில் கட்டுப்பாடுகள் உண்டு, இருக்கவும் வேண்டும். என் கண்ணில் படுவது கைவிட்ட கருங்கல் குவாரிகள். திருவனந்தபுரம் மாவட்டத்தின் இடைநிலத்தில் மலையைக் குடைந்து எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்கள் எத்தனையோ கிடக்கின்றன. சிலவற்றில் தண்ணீர் நின்று ஆபத்தாகிவிட்டது, அவை வேண்டாம். வறண்ட தரையும் உறுதியான விளிம்பும் உள்ளவற்றைப் பொறியாளர்கள் தேர்ந்தால், பாறைச் சுவரே சத்தத்தை ஓரளவு தடுக்கும். குடியிருப்பு தள்ளி இருக்கும். காடு ஏற்கெனவே போன இடம் என்பதால் புதிதாக வெட்ட மரமும் இல்லை. நிலத்தை அரசு நீண்ட காலக் குத்தகைக்குத் தரலாம், ஓடும் நேரத்துக்கும் சத்தத்துக்கும் வரம்பு வைக்கலாம், மருத்துவ வசதி இல்லாமல் ஒரு வண்டியும் கிளம்பக் கூடாது என்று விதிக்கலாம். நடத்துவதை மட்டும் ஒரு துறையிடம் கொடுக்க வேண்டாம். சோழவரத்தை நடத்தியது ஒரு கிளப். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்து வைக்கோல் பொதி அடுக்கியவர்கள் அதன் உறுப்பினர்கள். அப்படிப்பட்டவர்கள் திருவனந்தபுரத்திலும் கொல்லத்திலும் இருக்கிறார்களா என்பது, சாவியை ஒருமுறை அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.